எச்சிலில் தலையெழுத்தா?

கோயமுத்தூர் ஜில்லாவிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். அதன் சங்கதி என்னவென்றால், அவருடைய மனைவியாரின் தாயார் 44ஆவது வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்து போனார். அந்த அம்மாளின் கூடப்பிறந்த தங்கைக்கும் அதே வியாதி கண்டு, சிகிச்சை செய்துகொண்டு இப்போது பிழைத்திருக்கின்றார். அயல்நாட்டில் உத்தியோகத்திலிருக்கும் மைத்துனர், தங்கையின் மேலுள்ள கவலையினால், எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் மரபணுவைச் சோதித்துச் சொல்லுவதாக விற்கப்படும் குப்பியொன்றை ஊருக்கு வரும்போது வாங்கிவந்து, தங்கையைத் துப்பச் செய்து, திரும்பும்போது கையோடு எடுத்துப்போய்ச் சோதனைக்குக் கொடுத்தாராம். சில வாரத்தில் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய் சம்பந்தமாகத் தாங்கள் சோதித்த மாறுதல்கள் காணப்படவில்லை என்று அதில் கண்டிருந்ததாம்.

வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். மாமனார் அதை அச்செடுத்து, பூஜை அறையில் ஜாதகக் கட்டின் மேல் வைத்து, விபூதியும் இட்டுவிட்டார். அந்த அம்மாள் வருஷந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வந்ததை இவ்வருஷம் நிறுத்திக்கொண்டார். தோழர் கேட்பதாவது: "ஜாதகத்தை நம்பாதே என்று சொன்னீர்கள், சரி. இது விஞ்ஞானந்தானே? இதை நம்பலாமல்லவா?" என்பதாகும்.

இதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டியவர்களாயிருக்கின்றோம். விஞ்ஞானத்தை நம்புங்கள் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. எதையும் நம்புவதற்கு முன் கேளுங்கள் என்றுதான் சொல்லி வருகின்றோம். ஜோசியனைக் கேள்வி கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். சாஸ்திரத்தையே சந்தேகிக்கின்றாயா என்பான். விஞ்ஞானத்தின் பேரால் பேசுகின்றவனைக் கேட்டால் அவன் தன் கணக்கை எடுத்துக் காட்டவேண்டும். எந்த இடத்தைப் பார்த்தாய், எதைக்கொண்டு பார்த்தாய், பார்த்ததில் நூற்றுக்கு எத்தனை தவறும், பார்க்காமல் விட்டது எவ்வளவு என்கின்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த நான்கில் ஒன்றையாவது அந்த வீட்டில் எவரும் கேட்டதாகத் தோழரின் கடிதத்தில் இல்லை. பழைய ஓலைக்குச் செய்த மரியாதையைப் புதிய காகிதத்துக்குச் செய்தார்களே ஒழிய வேறொன்றும் செய்யவில்லை.

முதலாவதாக, மரபணு எழுத்து என்றால் என்னவென்று பார்ப்போம். நம் உடம்பிலுள்ள உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழை இருக்கின்றது. அது நான்கே விதமான சரக்குகளை மாற்றி மாற்றிக் கோத்ததாகும். அவைகளை நான்கு எழுத்துக்கள் என்று வைத்துக்கொண்டால், தாயிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்தும், தகப்பனிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்தும் ஒவ்வொருவருக்கும் வந்து சேருகின்றன. ஒரு முழுத் தொகுதிக்கு ஜீனோம் என்று பெயர். நான்கு தலைப் பிரம்மா நம் மண்டையில் எழுதியதாகச் சொல்லப்படும் எழுத்தைப் படித்தவர் இன்றுவரை ஒருவருமில்லை. இந்த நான்கெழுத்துச் சுவடியையோ படிக்க மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். 1990இல் பல தேசத்து விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆரம்பித்து, 2003இல் பெரும்பாலும் படித்து முடித்தார்கள். விடுபட்டுப்போயிருந்த சுமார் நூற்றுக்கு எட்டுப் பாகத்தையும் 2022இல்தான் படித்துத் தீர்த்தார்கள். 2003இல் "முடிந்தது" என்று சொன்னவர்களே, இன்னும் இவ்வளவு பாக்கியிருக்கின்றது என்று தாங்களே சொல்லிக்கொண்டு பத்தொன்பது வருஷம் வேலை செய்தார்கள். எந்தப் பஞ்சாங்கக்காரனாவது இப்படித் தன் பாக்கியை ஒப்புக்கொண்டதுண்டா?

இனி, எச்சில் குப்பிக்காரர்கள் செய்வதென்ன? அவர்களில் பெரும்பாலோர் இந்த 300 கோடி எழுத்தையும் படிப்பதில்லை. நகத்தளவுக் கண்ணாடிச் சில்லு ஒன்றில், முன்கூட்டியே தேர்ந்தெடுத்த இடங்களுக்கு மாத்திரம் பொருந்தக்கூடிய சிறு துண்டுகளைப் பதித்து வைத்திருக்கின்றார்கள். எச்சிலிலிருந்து பிரித்த டி.என்.ஏ.யை அதன்மேல் விட்டால், பொருந்திய இடங்களில் ஒளி தோன்றும். அதைக்கொண்டு அந்தந்த இடத்தில் இன்ன எழுத்து இருக்கின்றதென்று யந்திரம் ஊகித்துச் சொல்லும். இப்படிப் பார்க்கும் இடங்கள் சுமார் 6 லட்சம். 6 லட்சம் என்றவுடன் மலைத்துவிட வேண்டாம். 300 கோடியை 6 லட்சத்தால் வகுத்தால் 5000 எழுத்துக்கு ஓர் எழுத்து என்று ஆகின்றது. நம் பத்திரிகையில் ஒன்றிரண்டு பக்கத்துக்கு ஓரெழுத்து வீதம் பார்த்துவிட்டு, இந்த இதழில் பிழையே இல்லையென்று புரூப் பார்க்கின்றவர் சொன்னால், நம் மானேஜர் அவரை மறுநாள் வேலைக்கு வரவேண்டாமென்றுதான் சொல்லுவார்.

ஆனால் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 6 லட்சமும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை அல்ல. மக்களுக்குள் பரவலாக வேறுபடுகின்ற இடங்களாகப் பார்த்து எடுத்தவை. பரவலாகக் காணும் மாறுதல்களை இந்தச் சில்லு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சரியாகவே சொல்லுகின்றது. பால் குடித்தால் ஒத்துக்கொள்ளுமா, காதுக்குறும்பி ஈரமா உலர்ந்ததா என்பன போன்ற சங்கதிகளுக்கு அது போதும். (காதுக்குறும்பியை அறிய அமெரிக்காவுக்கு எச்சில் அனுப்ப வேண்டுமா, சுண்டுவிரல் போதாதா என்பது வேறு விஷயம்.)

கஷ்டமெல்லாம் அபூர்வமான மாறுதலைத் தேடும்போதுதான். குடும்பத்தை அழிக்கக்கூடிய வியாதிகளுக்குக் காரணமானவைகளோ பெரும்பாலும் அபூர்வமானவைகளாகவே இருக்கின்றன. சந்தையில் ஆயிரக்கணக்கான ரூபாய் நாணயங்களைத் தட்டிப் பார்த்துப் பழகிய வியாபாரி, சத்தத்தைக் கொண்டே நல்லது கெட்டது சொல்லிவிடுவார். ஆயுளில் ஒரே ஒருமுறை கைக்கு வரும் நாணயத்தைத் தட்டினால், அதன் சத்தத்தை எதனோடு ஒப்பிடுவார்? அதுபோலவே அந்த யந்திரமும் பல்லாயிரம் பேருடைய ஒளிப்புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் எழுத்தைத் தீர்மானிக்கின்றது. லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் எழுத்தென்றால் அதற்கு ஒப்பு கிடைப்பதில்லை. தூசியைக்கூட எழுத்தென்று சொல்லிவிடும்.

இது நம் கற்பனையல்ல. இங்கிலாந்தில் எக்ஸிடர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், சில்லினாலும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறையினாலும் இரண்டு விதத்திலும் சோதிக்கப்பட்டிருந்த சுமார் 50,000 பேருடைய கணக்கை ஒத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாகக் காணும் மாறுதல் இருப்பதாகச் சில்லு சொன்னவற்றில் நூற்றுக்கு 84 பொய். மார்பகப் புற்றுநோய்க்குச் சம்பந்தப்பட்ட பி.ஆர்.சி.ஏ. என்னும் இரண்டு மரபணுக்களில் கெடுதலான அபூர்வ மாறுதல் உண்டென்று சில்லு சொன்ன நூறு பேரில், உண்மையிலே அது இருந்தவர்கள் சுமார் நான்கே பேர்! உண்மையாகவே இருந்தவர்களிலோ மூன்றில் ஒரு பங்குபேரைத்தான் சில்லு கண்டுபிடித்தது. அதாவது இல்லாதவர்களைப் பயமுறுத்தியும், இருக்கின்றவர்களைத் தூங்கவைத்தும் இரண்டு பக்கத்திலும் கெடுத்தது.

தோழர் வீட்டுக்கு வந்த குப்பி எந்தக் கம்பெனியுடையது என்பதைப்பற்றி நமக்கு அக்கறையில்லை. இந்த வியாபாரத்தின் போக்கு இன்னதென்று தெரிவதற்காக, உலகறிந்த ஒரு கம்பெனியின் சரித்திரத்தை மாத்திரம் சொல்லுகின்றோம். அமெரிக்காவில் 'ட்வென்டித்ரீ அண்ட் மீ' என்று ஒரு கம்பெனி 2006இல் ஏற்பட்டது. மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள் இருப்பதை வைத்து அந்தப் பெயர். 2007இல் எச்சில் சோதனையை 999 டாலருக்கு விற்கத் தொடங்கி, 2012 கடைசியில் 99 டாலருக்கு இறக்கினார்கள். எத்தனையோ வியாதிகளுக்கு உனக்கு அபாயம் இவ்வளவு என்று ஜாபிதா போட்டுக் கொடுத்தார்கள். 2013 நவம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தார், இது சரியென்பதற்கு நீங்கள் போதிய ருஜு காட்டவில்லை, ஆகையால் விற்பனையை நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். அதில் எடுத்துக்காட்டிய முதல் அபாயமே இந்த மார்பகப் புற்றுநோய்ச் சங்கதிதான். பொய்யாக உண்டு என்று வந்தால் ஒரு பெண் நல்ல மார்பை அறுத்துக்கொள்ளக்கூடும். பொய்யாக இல்லை என்று வந்தால் உள்ள அபாயத்தை அறியாமலே இருந்துவிடக்கூடும் என்றார்கள்.

அப்புறம் கம்பெனியார் கொஞ்சங் கொஞ்சமாக ருஜு காட்டினார்கள். 2018 மார்ச்சில் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் 3 மாறுதல்களை மாத்திரம் சொல்ல அனுமதி கிடைத்தது. அந்த மரபணுக்களில் 1000க்கு மேற்பட்ட மாறுதல்கள் அறியப்பட்டிருக்கின்றன என்று அனுமதி கொடுத்த அதே நிர்வாகத்தாரே அன்றே சொன்னார்கள். அந்த மூன்றுந்தான் யாருடையவை? கிழக்கு அய்ரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்களுக்குள் சுமார் 40 பேருக்கு ஒருவர் வீதம் காண்பவை. அந்த வம்சத்தார்க்கு அது உபயோகமான சோதனைதான், மறுக்கவில்லை. மற்ற மக்களிடம் அவை மிக அபூர்வம். 2023இல் இன்னும் 41 சேர்த்து 44 ஆக்கினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டதில் 44! ஒரு தமிழ்ப் பெண்மணிக்கு இந்த 44இல் ஒன்றும் இல்லையென்று வந்தால், இந்த வீட்டுக்குள் திருடன் இல்லை என்று ஆகிவிடாது. வாசற்படியில் திருடன் உட்கார்ந்திருக்கவில்லை என்றுதான் ஆகும். கம்பெனியாரும் இதைச் சிறிய எழுத்தில் சொல்லியே இருக்கின்றார்கள். பெரிய எழுத்தில் விளம்பரமும், சிறிய எழுத்தில் உண்மையுமாகப் போடுவது இந்தக் காலத்து வியாபார தர்மம் போலும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சோதனையின் கச்சாக் கணக்கை வாங்கி, அதை வேறு சில இடங்களுக்கு அனுப்பி, அங்கே "உனக்கு இன்ன வியாதி உண்டு" என்று எழுதி வாங்கிக்கொள்ளுகின்றவர்கள் அநேகர். இப்படிப் பயந்து வந்தவர்களுடைய கணக்கை அமெரிக்காவில் ஒரு மருத்துவச் சோதனைச்சாலையார் சரிபார்த்து 2018இல் வெளியிட்டார்கள். கச்சாக் கணக்கில் உண்டென்று கண்ட மாறுதல்களில் நூற்றுக்கு 40 அடியோடு இல்லாதவை.

நிற்க, முழு ஜீனோமையும் படித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அது வேறு வேலை. ஒரே புஸ்தகத்தின் முப்பது பிரதிகளை வாங்கி, ஒவ்வொன்றையும் நூற்றைம்பது எழுத்துள்ள துண்டுகளாகக் கண்டபடி கிழித்து, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒருவரிடம் கொடுத்தால், அவர் ஒவ்வொரு துண்டையும் படித்து, முன்னமே அச்சாகியுள்ள ஒரு மாதிரிப் புஸ்தகத்தோடு வைத்துப் பார்த்து, இது இன்ன பக்கம் இன்ன வரி என்று ஒட்டினால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு வரிக்கும் சுமார் முப்பது துண்டு சாட்சி சொல்லும். ஆகவே தனித் துண்டு ஒன்று தவறினாலும் மற்றவை திருத்திவிடும். முன்கூட்டித் தேர்ந்தெடுத்த இடம் என்பது இதில் கிடையாது. லட்சத்தில் ஒருவருக்கு இருப்பதும், உலகில் வேறெவருக்குமே இல்லாததுங்கூட அகப்படும். எக்ஸிடர்க்காரர்கள் சில்லின் பொய்யைக் கண்டுபிடித்ததும் இப்படி எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறையைக் கொண்டுதான்.

விலையிலும் பழைய பயம் இல்லை. முதல் ஜீனோமைப் படிக்க ஏறக்குறைய 300 கோடி டாலர் செலவாயிற்று. எழுத்துக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். 2016இல் ஒரு கம்பெனி முழு ஜீனோமையும் 999 டாலருக்குப் படித்துக் கொடுக்க முன்வந்தது. 2007இல் 6 லட்சம் எழுத்துக்கு வாங்கிய அதே விலை. அதற்குப்பின் இன்னும் இறங்கிவிட்டது.

ஆனால் "முழு" என்ற சொல்லைக் கண்டு ஏமாற வேண்டாமென்று எச்சரிக்கை செய்கின்றோம். முப்பது பிரதிக்குப் பதிலாக, ஒரு பிரதியின் பாதியைக்கூடப் படிக்காமல், மீதியை ஊகத்தால் நிரப்பிக்கொடுத்து அதற்கும் ஜீனோம் வாசிப்பு என்றே பெயர் வைத்து விற்றவர்கள் இருக்கின்றார்கள். எத்தனை தடவை படித்தாய் என்று கேட்காதவன் ஏமாந்தான். அன்றியும், முப்பது தடவை படித்தாலும், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் பக்கங்களில் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்ததென்று தெரியாமல் தடுமாறுவதுண்டு. நீளமான துண்டுகளைப் படிக்கும் புது யந்திரங்கள் வந்த பிறகுதான் அந்தப் பக்கங்கள் துலங்குகின்றன.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்றிருக்கின்றது. படிப்பது வேறு, பொருள் தெரிவது வேறு. எவருடைய ஜீனோமையும் மாதிரியோடு ஒத்துப் பார்த்தால் 40 லட்சம் முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபட்டிருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு கெடுதலும் செய்யாதவை. சில கெடுதலானவை என்று ருஜுவாகியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, "பொருள் நிச்சயப்படவில்லை" என்று வைத்தியர்கள் எழுதுகின்ற ஒரு கூட்டம் இருக்கின்றது. அந்த வார்த்தையைக் கண்டு சிலருக்குக் கோபம் வருகின்றது. இவ்வளவு பணம் கொடுத்தும் தெரியாதென்கின்றார்களே என்கின்றார்கள். நமக்கோ அந்த வார்த்தைதான் இந்தச் சாஸ்திரத்தின் யோக்கியதைக்கு முதல் அத்தாட்சியாகத் தோன்றுகின்றது. கைரேகை பார்க்கின்றவன் எந்த ரேகைக்காவது பொருள் தெரியவில்லை என்று சொல்லி நாம் கேட்டதில்லை.

பொருள் தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணம், இதுவரை ஆராய்ந்த மக்களில் பெரும்பாலோர் அய்ரோப்பிய வம்சத்தவராயிருப்பதாகும். இந்தத் தேசத்து மக்களின் எழுத்தை இந்தத் தேசத்தில் பார்த்தால்தான் நம் சங்கதி விளங்கும். மதுரை காமராசர் சர்வகலாசாலை, அய்தராபாத் ஆராய்ச்சிச்சாலை முதலிய இடத்தார் சேர்ந்து 2009இல் வெளியிட்டதொன்று: இருதயத் தசைக்கு வேண்டிய ஒரு மரபணுவில் 25 எழுத்துக்கள் சேர்ந்தாற்போல் விடுபட்டுப் போயிருப்பது இந்த உபகண்டத்து மக்களில் நூற்றுக்கு சுமார் 4 பேரிடம் காணப்படுகின்றது, வயது ஏற ஏற இருதயம் பலவீனமாவதற்கு அது ஏதுவாகக் கூடும். இருப்பவர்க்கெல்லாம் வியாதி வந்துவிடாது. ஆயினும் கோடிக்கணக்கானவர்களுக்குச் சம்பந்தப்பட்டது. அய்ரோப்பியர்களை மனதில் வைத்துச் செய்த சில்லில் அந்த இடத்துக்குத் துண்டே பதிக்கவில்லையென்றால் அது எப்படிக் கண்ணில் படும்? இந்தியாவில் 10,000 பேருடைய முழு ஜீனோமையும் படிக்க 2020இல் சர்க்கார் ஆரம்பித்த வேலை முடிந்து, 2025 ஜனவரியில் அந்தக் கணக்கு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றது. நூற்று நாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்களில் பதினாயிரம் சொற்பந்தான் என்றாலும் நல்ல ஆரம்பமாகும்.

இனி, எச்சில் குப்பியை அநேகர் வாங்குவது வியாதிக்காக அல்ல, வம்சப் பெருமைக்காகத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். நீ நூற்றுக்கு இத்தனை இன்ன நாட்டான் என்று எழுதி வந்தால் அதைச் சட்டம்போட்டு மாட்டிக்கொள்ளுகின்றார்கள். இந்த எண்ணிக்கை எப்படி வருகின்றது? இப்போது உயிரோடிருக்கும் சில கூட்டத்தாரின் எழுத்துக்களைக் கம்பெனிக்காரர் சேர்த்து வைத்துக்கொண்டு, உன் எழுத்து யாரோடு அதிகம் ஒத்திருக்கின்றது என்று கணக்குப் பண்ணுகின்றார். அவருடைய ஜாபிதா மாறினால் உன் பாட்டனார் பிறந்த தேசமும் மாறிவிடும்! 2019இல் கனடா தேசத்து ஒலிபரப்பு ஸ்தாபனத்தார், ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரிகள் இருவருடைய எச்சிலை அய்ந்து கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு எண்ணிக்கை வந்தது மாத்திரமல்ல. இருவருக்கும் எழுத்து ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும், ஒரே கம்பெனியே அக்காளுக்கொன்றும் தங்கைக்கொன்றுமாக எழுதியது.

நம் ஜாதிப் பெருமைக்காரர்கள் இந்தக் குப்பியை வாங்கினால் அவர்களுக்குத்தான் சங்கடம் வரும். இந்தியாவின் பல பாகத்து மக்களையும் ஆராய்ந்து 2009இலும் 2013இலும் வெளியான கட்டுரைகளின்படி, ஏறக்குறைய எல்லாக் கூட்டமும் ஒரே இரண்டு பழைய வம்சங்களின் கலப்புதான், அளவில்தான் ஏற்றக்குறைவு. சுமார் 4200 வருஷத்துக்கும் 1900 வருஷத்துக்கும் இடையில் தாராளமாகக் கலந்திருக்கின்றார்கள். அப்புறந்தான் கதவை அடைத்துக்கொண்டார்கள். அடைத்துக்கொண்டதன் பலன் என்ன? 2017இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், தென் ஆசியாவில் பார்த்த 263 கூட்டங்களில் 81 கூட்டங்கள், தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்ததால், மேலே சொன்ன அஷ்கெனாசி யூதரைவிடக் குறுகிய வித்திலிருந்து பெருகியவை என்று கண்டார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில், மறைந்து கிடக்கும் ஒரே கெடுதலான எழுத்து தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் வந்து பிள்ளையிடத்தில் கூடிவிடுவது சுலபமாகின்றது. வைசியர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வகுப்பாரில், ஆப்பரேஷன் செய்யும்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒருவகை மருந்து நெடுநேரம் இறங்காமல் மூச்சுக்கு ஆபத்தாகும் குறை மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாயிருப்பதை மயக்கமருந்து வைத்தியர்கள் வெகு நாளாக அறிவார்கள். பத்துப் பொருத்தம் பார்த்துச் சொந்த ஜாதியிலேயே முடித்த கலியாணங்களின் கைங்கரியம் இது.

விற்கின்றவனுடைய லாபம் எங்கிருக்கின்றது என்பதையும் வாங்குகின்றவர் அறிந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன அமெரிக்கக் கம்பெனியில், 2018இல் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி 30 கோடி டாலர் போட்டது. சேர்ந்து கிடந்த எழுத்துக்களிலிருந்து மருந்து தேடுவதற்காக. 2023இல் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் திருடர் கையில் சிக்கின. 2025 மார்ச்சில் கம்பெனி கோர்ட்டில் திவால் மனுக் கொடுத்தது. அப்போது கம்பெனியிடம் இருந்த ஆஸ்தியில் முக்கியமானது என்ன? சுமார் ஒன்றரைக் கோடி மக்களின் மரபணுக் கணக்கு! அது ஏலத்துக்கு வந்தது. கம்பெனியை ஆரம்பித்த அம்மையாரே ஏற்படுத்திய, லாபநோக்கமில்லாததென்று சொல்லப்படும் ஸ்தாபனமொன்று 30½ கோடி டாலருக்கு அதை எடுத்துக்கொண்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 20 டாலர் ஆகின்றது. துப்பினவனும் பணம் கொடுத்தான், துப்பியதையும் விற்றார்கள். முழு ஜீனோமைப் படிக்கக் கொடுக்கின்றவர் இதைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இங்கே 6 லட்சம் எழுத்து, அங்கே அத்தனையும். ஒருவர் கொடுத்தால் அவருடைய அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, பிள்ளைகள் எல்லோருடைய எழுத்திலும் பாதியை அவர்களைக் கேட்காமலே கொடுத்ததாகின்றது.

இவ்வளவும் சொன்னதால், எல்லாம் எழுத்தின்படிதான் நடக்கும், மனிதனால் ஆவதொன்றுமில்லை என்று எவராவது பழைய விதியைப் புதுப் பெயரில் கொண்டுவருவாரானால் அதுவும் தப்பு. பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் கெடுதலான மாறுதல் உள்ள பெண்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஆயுளில் மார்பகப் புற்றுநோய் காணுகின்றது என்பது மெய். மற்றவர்க்கு வரமாட்டாது என்பதோ பொய். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரை மாறுதலால் வருகின்றது. தெரிந்துகொண்டவர்கள் சோதனையை அடிக்கடி செய்துகொள்ளலாம், மருந்து உண்டு, ரண சிகிச்சை உண்டு. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, பினைல்கீட்டோன்யூரியா என்னும் மரபணுக் குறையைக் கண்டு, ஆகாரத்தை மாற்றிக் கொடுத்து, புத்தி மங்கிப் போகாமல் குழந்தையைக் காப்பாற்றுகின்ற வேலை 1960களிலிருந்து மேல்நாடுகளில் நடக்கின்றது. தலையெழுத்தாயிருந்தால் கஞ்சியை மாற்றிக் கொடுத்து அழிக்க முடியுமா?

இனி, கடிதம் எழுதிய தோழருக்கு நம் பதில். அந்தக் காகிதத்தைப் பூஜை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது பொய்யென்று சொல்லவில்லை. பார்த்த சில இடங்களில் இல்லை என்பது மெய்யாகவே இருக்கலாம். உங்கள் மனைவியார் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், நிறுத்திய சோதனையை மறுபடி ஆரம்பிக்கட்டும். இரண்டாவதாக, முதலில் சோதிக்க வேண்டியது அவரையல்ல, வியாதி கண்டு பிழைத்திருக்கும் அவருடைய சின்னம்மாளை. புற்றுநோய் வைத்தியரிடம் அந்த அம்மாளை அழைத்துப்போய், பரம்பரையாக வருவதா என்று அறியவேண்டும் என்று சொல்லி, சில இடங்களை மாத்திரமல்லாமல் அந்த இரண்டு மரபணுக்களையும், அவற்றோடு சேர்ந்து பார்க்கப்படும் மற்றவைகளையும், ஆதியோடந்தமாக எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். இதற்கு முழு ஜீனோமும் படிக்கத் தேவையில்லை. இரத்தத்தைக்கொண்டு மருத்துவச் சோதனைச்சாலையில் செய்வது. அவரிடம் கெடுதலான மாறுதல் அகப்பட்டால், உங்கள் மனைவியாருக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். அப்போது இல்லை என்று வந்தால், அந்தக் குடும்ப எழுத்து இவருக்கு வரவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். மற்றப் பெண்களைப்போல் இருந்துகொள்ளலாம். சின்னம்மாளிடமே ஒன்றும் அகப்படாவிட்டால், இன்னும் அறியப்படாத காரணம் இருக்கக்கூடும். ஆகவே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்ததைக் கணக்கில் வைத்து வைத்தியர் சொல்லுகின்ற தவணைப்படி சோதித்துக்கொண்டே வரவேண்டும். மைத்துனருக்கும் எழுதுங்கள். இது பெண்களுக்கு மாத்திரம் வருவதென்று அவர் நினைத்திருக்கலாம். தாயின் எழுத்து மகனுக்கும் வரும், அவர் மூலமாக அவருடைய பெண்பிள்ளைகளுக்கும் போகும். சின்னம்மாளின் சோதனை முடிவு தெரிந்ததும் அவரும் பார்த்துக்கொள்வது நலம்.